வருவது என்ன என்று முன்னே சொல்லும் ஒரு வரி

ஓட்டமாவடியில் உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கும் ஒரு மாணவி, தான் எழுதிய பைத்தன் நிரலைச் சேவையகம் ஒன்றில் ஏற்றி, இணைப்பைத் தோழிக்கு அனுப்புகிறாள் என்று வையுங்கள். தோழி தொட்டதும் நிரல் திரையில் விரியவில்லை. தரவிறக்கமாகிப் போனுக்குள் எங்கோ போய் உட்கார்ந்துகொள்கிறது. பிஎச்பி ஓட்டும் சேவையகத்தில் பிஎச்பி நிரலை வைத்திருந்தால் அது சேவையகத்திலேயே ஓடி முடிந்து, விளைவு மட்டும் வந்திருக்கும். டைப்ஸ்கிரிப்ட் நிரல் என்றால் இன்னும் வேடிக்கை. பல சேவையகங்கள் அதை வீடியோ என்று அறிவித்து அனுப்பும். மூன்றுமே வெறும் எழுத்துகள்தான். நோட்பேடில் திறந்தால் மூன்றையும் வாசிக்கலாம்.

ஓட்டமாவடியின் பழைய இரும்புப் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 2010இல் புதுப் பாலம் வரும்வரை ரயிலும் பஸ்ஸும் சைக்கிளும் அந்த ஒரே பாலத்தில்தான் வாவியைக் கடந்தன. அடுத்து வருவது எதுவென்று பாலத்துக்குத் தெரியாது. முன்கூட்டியே தகவல் வந்தால்தான் வீதியை மறிப்பதா விடுவதா என்று முடிவெடுக்கலாம். இணையக் கம்பியும் அப்படித்தான். படம், பாட்டு, நிரல் எல்லாமே அதில் பைட்டுகளாகவே வருகின்றன. அவற்றுக்கு முன்னால் சேவையகம் ஒரு வரி அனுப்புகிறது: இது இன்ன வகை. உலாவி கோப்பின் பெயரை நம்புவதில்லை, பெரும்பாலும் அந்த வரியைத்தான் நம்புகிறது. அதில் எழுதப்படுவதே மைம் வகை.

இந்த ஏற்பாடு மின்னஞ்சலுக்காகப் பிறந்தது. அன்றைய மின்னஞ்சலுக்கு ஆங்கில எழுத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. நத்தானியல் போரன்ஸ்டைனும் நெட் ஃபிரீடும் சேர்ந்து 1992 ஜூனில் மைம் விதிகளை வெளியிட்டார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்பே, மார்ச் 11இல், போரன்ஸ்டைன் தான் சேர்ந்து பாடிய நால்வர் குழுவின் படத்தையும் பாட்டையும் மின்னஞ்சலில் இணைத்து அனுப்பிப் பார்த்துவிட்டார். பிறகு வலை அதை அப்படியே எடுத்துக்கொண்டது. சாய்கோட்டுக்கு முன்னால் பெருவகை, பின்னால் உள்வகை: ‘இமேஜ்/பிஎன்ஜி’, ‘டெக்ஸ்ட்/பிளெயின்’ என்று.

படத்துக்கும் பாட்டுக்கும் இது போதும். நிரல்தான் சிக்கலான பிறவி, ஏனென்றால் அது வாசிக்கவும் உரியது, ஓட்டவும் உரியது. எது வேண்டும் என்பதைப் பைட்டுகள் சொல்லமாட்டா. ஜாவாஸ்கிரிப்டுக்கு எந்தப் பெயர் என்பதில் வல்லுநர்களே தடுமாறினார்கள். 2006இல் ‘அப்ளிகேஷன்/ஜாவாஸ்கிரிப்ட்’ சரி, ‘டெக்ஸ்ட்/ஜாவாஸ்கிரிப்ட்’ வழக்கொழிந்தது என்றார்கள். உலகம் கேட்கவில்லை. 2022இல் விதியை மாற்றி, வழக்கொழிந்ததென்ற பெயரையே மீண்டும் அரியணையில் ஏற்றினார்கள். பைத்தனுக்கும் சி மொழிக்கும் அந்தத் தடுமாற்றம்கூடக் கிடைக்கவில்லை. இவ்வகைப் பெயர்களைப் பதியும் ஐயானா அமைப்பின் பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை. ‘டெக்ஸ்ட்/எக்ஸ்-பைத்தன்’ என்று எழுதுவதெல்லாம் ஆளாளுக்கு வைத்துக்கொண்ட பெயர்.

ஆகவே சேவையகம் கோப்பின் பின்னொட்டைப் பார்த்து, தன்னிடமுள்ள பட்டியலில் தேடுகிறது. என்ஜின்எக்ஸ் என்ற சேவையக மென்பொருளோடு வரும் பட்டியலில் பைத்தனின் பின்னொட்டு இல்லை. இல்லாததற்கெல்லாம் ‘என்னவென்று தெரியாத பைட்டுக் குவியல்’ என்ற பொதுவகையை அதன் வழக்கமான அமைப்பு ஒட்டிவிடும், உலாவி தரவிறக்கிவிடும். டைப்ஸ்கிரிப்டின் ‘டிஎஸ்’ பட்டியலில் இருக்கிறது, ஆனால் டிஜிட்டல் தொலைக்காட்சி ஒளிபரப்புக் கோப்பின் பெயரில். 2012இல் வந்த மொழி, முன்பே குடியிருந்தவரின் வீட்டு இலக்கத்தைப் போட்டுக்கொண்டது. பெர்ளும் புரோலாகும் ‘பிஎல்’லுக்காக இன்றும் பிடுங்குப்படுகின்றன.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. ‘ஓட்டமாவடி’ என்பது யூனிகோடில் 9 குறிகள். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகள், ஆக 27. மைம் வரியில் ‘சார்செட்’ என்று குறியேற்றத்தைச் சொல்லாவிட்டால் உலாவி ஊகிக்கும். மேற்கத்திய குறியேற்றம் என்று ஊகித்துவிட்டால் ‘அ’ என்ற ஒற்றை எழுத்து மூன்றாக உடைந்து, தலையில் கீறலிட்ட பிரெஞ்சு எழுத்தாகவும், வட்டத்துக்குள் நிற்கும் வணிகச் சின்னமாகவும், மூன்று புள்ளியாகவும் திரையில் வரும். அந்தக் கோலத்தைப் பார்க்காத தமிழ்க் கணினிக்காரர் யார்?

அடையாளச் சீட்டே இல்லாமல் ஒரு காலம் முழுக்க நாம் வாழ்ந்தோம். இலங்கையில் பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால் கோப்பில் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். ஆங்கிலப் பைட்டுகள்தான் என்று சேவையகம் சொன்னால் அது உண்மை, படிப்பவருக்கோ பொய். தமிழுக்கான திஸ்கி குறியேற்றம் அப்படி விடப்படவில்லை. சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் விண்ணப்பித்து, 2007இல் அது ஐயானா பட்டியலில் ஏறியது. அதற்குள் யூனிகோட் ஊரைப் பிடித்துவிட்டதுதான் பரிதாபம்.

இப்போது முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பதிப்பி’ என்றால் திரையில் எழுதும், ‘முடி’ என்றால் பகுதி முடியும். கட்டளையே தமிழ். அந்த நிரலின் வகை எந்தப் பட்டியலிலும் இல்லை. குறியேற்றமும் சொல்லப்படாவிட்டால் ஆங்கில நிரல் தப்பிக்கும் இடத்திலும் அது சிதையும்.

குறியேற்றத்தை மட்டுமல்ல, வகையையும் உலாவி ஊகிப்பதுண்டு. அதில் ஆபத்தும் உண்டு. வெறும் எழுத்து என்று அனுப்பியதற்குள் வலைப்பக்கக் குறிகளைக் கண்டால் பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் தானாகவே வலைப்பக்கமாக்கி ஓட்டிவிடும். யாரோ ஏற்றிய கோப்புக்குள் விஷம் இருந்தால் அதுவும் ஓடும். இதை அடக்க எட்டாம் பதிப்பில் ‘நோஸ்னிஃப்’ (ஊகிக்காதே) என்றொரு வரியை மைக்ரோசொஃப்ட் சேர்த்தது; மற்ற உலாவிகளும் பின்னர் ஏற்றன. நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளம் தன் மூலநிரல் கோப்புகளை வெறும் எழுத்தாக, இந்த வரியையும் சேர்த்தே அனுப்புகிறது. வாசிக்கலாம், அங்கிருந்தபடியே இன்னொரு தளத்தில் ஓட்ட முடியாது. எனக்குத் தெரிந்தவரை இதுவே சரியான நிலைப்பாடு.

பாடசாலைக்கோ வகுப்புக்கோ இணையத்தளம் நடத்துகிறவர்கள் இதைச் சில நிமிடத்தில் சோதிக்கலாம். கணினி உலாவியில் எஃப்12 விசையை அழுத்தி, ‘நெட்வொர்க்’ பகுதியைத் திறந்து, நிரல் கோப்பை அழையுங்கள். ‘கன்டென்ட்-டைப்’ என்ற வரியைப் பாருங்கள். பிள்ளைகள் வாசிக்கவேண்டிய நிரலாக இருந்தால் அங்கே ‘டெக்ஸ்ட்/பிளெயின்; சார்செட்=யுடிஎஃப்-8’ என்று இருக்கவேண்டும், கூடவே நோஸ்னிஃப் வரியும். பிஎச்பியை மட்டும் அப்படித் திறந்துவிடாதீர்கள். தரவுத்தளத்தின் கடவுச்சொல் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும்.