நோவு தணிக்கும் மருந்தும் அதன் அளவும்

நோவு என்பது உடல் உள்ளத்துக்கு அனுப்பும் தூது. முள் தைத்த காலை மேலும் ஊன்றாதிருக்கவும், சுளுக்கிய மூட்டுக்கு ஓய்வளிக்கவும், சீழ் பிடித்த பல்லைக் கவனிக்கவும் மனிதனைத் தூண்டுவது அதுவே. நோவை உணரும் ஆற்றலின்றிப் பிறக்கும் மிகச் சிலர், தம் உடலிற் பட்ட காயங்களை அறியாது பெருந்தீங்கு அடைகின்றனர் என மருத்துவ நூல்கள் கூறும். ஆகவே நோவு முற்றிலும் பகையன்று. எனினும், சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்த பின்னரும் அத்தூது ஓயாது ஒலித்துக்கொண்டிருக்குமாயின் ஊணும் உறக்கமும் தொழிலும் கெடும். அவ்வேளையில் அதனைத் தணித்துக்கொள்ளுதல் முறையேயாம். எதனால் தணிப்பது, எவ்வளவினால் தணிப்பது, எத்தனை நாள் தணிப்பது என்பனவே கேள்விகள். இலேசான நோவுக்கும் நடுத்தரமான நோவுக்கும் உலகெங்கும் பெரிதும் வழங்கப்படும் இபுபுரொபன் என்னும் மருந்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவற்றுக்கு விடை காணலாம்.

இம்மருந்தின் வரலாறு அசுப்பிரினின் குறையொன்றிலிருந்து தொடங்குகின்றது. வில்லோ மரப்பட்டை காய்ச்சலைத் தணிக்கும் என்பதை எட்வேட் ஸ்ரோன் என்னும் ஆங்கிலப் பாதிரியார் 1763ஆம் ஆண்டில் இலண்டன் றோயல் கழகத்துக்கு எழுதி அறிவித்தார். அப்பட்டையின் சாரத்தோடு உறவுடைய அசற்றைல்சலிசிலிக் அமிலம் 1897ஆம் ஆண்டில் செருமனியின் பேயர் நிறுவனத்திலே தூய வடிவில் ஆக்கப்பட்டு, 1899ஆம் ஆண்டில் அசுப்பிரின் என்னும் பெயரோடு விற்பனைக்கு வந்தது. முடக்குவாதத்தால் மூட்டுகள் வீங்கி வருந்தியோர்க்கு அது பெருந்துணையாயிற்று. ஆனால் அந்நோய்க்கு வேண்டிய பேரளவில் நெடுநாள் உட்கொண்டபோது பலருக்கு இரைப்பை புண்பட்டுக் குருதி கசிந்தது.

இக்குறை குறைந்த வேறொரு மருந்தை, இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரிலே பூட்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளராயிருந்த ஸ்ருவேட் அடம்ஸ் 1950களில் தேடத் தொடங்கினார். பதினாறு வயதிலே பள்ளியை விட்டு மருந்துச்சாலையிற் பயிலுநராய்ச் சேர்ந்து, பின்னர் பல்கலைக்கழகம் புகுந்து கற்றவர் அவர். இரசாயன அறிஞர் ஜோன் நிக்கல்சனும் அவரும் கூடி நூற்றுக்கணக்கான சேர்வைகளைச் சோதித்தனர்; அவற்றுட் பெரும்பாலானவை ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடப்பட்டன. நோயாளருக்கு வழங்கப்படும் நிலையை எட்டிய இபுபெனக் என்பதும் சிலருடைய ஈரலைத் தாக்கியமையால் விலக்கப்பட்டது. 1961ஆம் ஆண்டில் இனங்காணப்பட்ட இபுபுரொபனே இறுதியில் நிலைத்தது. உரையாற்றவேண்டிய நாளொன்றிலே, முதனாளிரவு மதுவருந்தியதால் வந்த தலையிடிக்கு 600 மில்லிகிராம் இபுபுரொபனைத் தாமே உட்கொண்டு பயனறிந்ததாக அடம்ஸ் பின்னாளிற் கூறினார். 1969ஆம் ஆண்டில் பிரித்தானியாவிலே வைத்தியரின் சீட்டோடு மட்டும் வழங்கப்பட்ட இம்மருந்து, 1983ஆம் ஆண்டிலிருந்து அங்கு சீட்டின்றியும் விற்கப்படலாயிற்று. இன்று பல நாடுகளில் நிலை இதுவே. வைத்தியரின் கண்காணிப்பு இல்லாத இடத்தில், உட்கொள்பவரின் அறிவே காவலாக வேண்டும்.

இம்மருந்து எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதை அறியாதவருக்கு அதன் விதிகள் வெறுங் கட்டளைகளாகவே தோன்றும். அறிந்தவருக்கோ ஒவ்வொரு விதிக்கும் காரணம் விளங்கும். உடலின் ஓரிடத்திற் காயமோ அழற்சியோ ஏற்படும்போது அங்குள்ள கலங்கள் புரொஸ்தகிளாந்தின் எனப்படும் பதார்த்தங்களை ஆக்குகின்றன. இவை குருதிக்கலன்களை விரியச் செய்து வீக்கத்துக்கும் சிவப்புக்கும் துணைபுரிகின்றன. நரம்பு முனைகளின் உணர்ச்சியைக் கூர்மையாக்கி நோவை மிகுவிக்கின்றன. மூளையிலே செயற்பட்டுக் காய்ச்சலை எழுப்புகின்றன. இவற்றை ஆக்கும் பணியைத் தொடக்கி வைப்பது சைக்கிளோஒட்சிசனேசு என்னும் நொதியம். அசுப்பிரினும் அதுபோன்ற மருந்துகளும் புரொஸ்தகிளாந்தின் ஆக்கத்தைத் தடுத்தே நோவைத் தணிக்கின்றன என்பதை ஆங்கில அறிஞர் ஜோன் வேன் 1971ஆம் ஆண்டில் வெளியிட்டார். சுவீடிய அறிஞர்களான சுனே பேர்க்ஸ்ரோம், பெங்ற் சமுவெல்சன் ஆகியோருடன் 1982ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. இபுபுரொபன் தொழிற்படுவதும் இவ்வழியாலேயே.

ஆனால் புரொஸ்தகிளாந்தின்கள் நோவை மாத்திரம் விளைவிப்பன அல்ல. இரைப்பையின் உட்சுவரை அதன் அமிலத்திலிருந்து காக்கும் சளிப்படலத்தைப் பேணுவன அவை. உடலில் நீர் வற்றியபோதும் இதயம் தளர்ந்தபோதும் சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதியோட்டம் குன்றாது காப்பனவும் அவை. அதே நொதியத்தின் வழியாகப் பிறக்கும் துரொம்பொட்சேன் என்னும் பதார்த்தமோ, காயம்பட்ட இடத்திலே குருதிச் சிறுதட்டுகள் ஒன்றுகூடிக் குருதி உறைய உதவுகின்றது. கிணற்றிலிருந்து இறைக்கும் நீர் ஒரே வாய்க்காலாற் பல பாத்திகளுக்குச் செல்லுமாயின், ஒரு பாத்தியில் நீர் மிகுந்ததென்று வாய்க்காலின் தலையை அடைப்பவன் ஏனைய பாத்திகளையும் வாடச் செய்வான். இபுபுரொபன் செய்வதும் அத்தகையதே. நோவைத் தணிக்கும் அதே செயலே இரைப்பையின் காவலையும், சிறுநீரகத்தின் துணையையும், குருதி உறையும் வன்மையையும் குறைக்கின்றது. பயனும் தீங்கும் ஒரே வேரிலிருந்து முளைப்பன என்பதே இம்மருந்தைப் பற்றி அறியவேண்டிய முதன்மையான உண்மை.

இவ்விரண்டையும் வேறு பிரிக்க முடியாதா என அறிஞர் முயலாமலில்லை. அந்நொதியம் இருவகைப்படும் என்பதும், அழற்சியோடு பெரிதும் தொடர்புடையது இரண்டாம் வகையே என்பதும் 1990களின் தொடக்கத்தில் தெளிவாயின. இரண்டாம் வகையை மாத்திரம் தடுக்கும் மருந்து இரைப்பைக்கு இதமாயிருக்கும் எனக் கருதப்பட்டது. அவ்வாறு ஆக்கப்பட்ட ரொபெகொக்சிப் என்னும் மருந்து 1999ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. ஆனால் மாரடைப்பையும் பாரிசவாதத்தையும் மிகுவித்தமை தெரியவந்ததும் 2004ஆம் ஆண்டில் உலகெங்கும் மீட்டுக்கொள்ளப்பட்டது. அதன்பின் நடந்த ஆராய்ச்சிகள், இக்குடும்பத்தைச் சேர்ந்த பழைய மருந்துகளுக்கும் இத்தீங்கு வெவ்வேறு அளவில் உண்டென்பதைக் காட்டின. அளவும் நாளும் மிக மிக இடரும் மிகும்.

இவ்வுண்மையிலிருந்தே அளவு பற்றிய விதி பிறக்கின்றது. வைத்தியரின் ஆலோசனையின்றி உட்கொள்ளும் வளர்ந்தோர் ஒரு வேளைக்கு 200 முதல் 400 மில்லிகிராம் வரையிலும், இருபத்துநான்கு மணித்தியாலத்தில் 1200 மில்லிகிராமுக்கு மேற்படாமலும் கொள்ளலாம். ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் இடையே ஆறு மணித்தியாலமேனும் இருத்தல் நன்று. நோவை அடக்கப் போதுமான மிகக் குறைந்த அளவை, மிகக் குறைந்த நாளுக்குக் கொள்ளுதல் என்பது இவ்விதியின் சாரம். முதற் குளிசையால் அரைமணி நேரத்திற் பயன் தெரியவில்லையென்று இன்னொன்றை விழுங்குதல் தவறு. மருந்து குருதியில் உச்சநிலையை அடைய ஒன்று முதல் இரண்டு மணித்தியாலம் செல்லும். காய்ச்சல் மூன்று நாளுக்கு மேலும், நோவு பத்து நாளுக்கு மேலும் நீடிக்குமாயின், தேவைப்படுவது மேலும் மருந்தன்று, வைத்தியரின் ஆராய்வே. குழந்தைகளுக்கு அளவு உடனிறையைக் கொண்டு கணிக்கப்படும். வீட்டுத் தேக்கரண்டிகள் ஒன்றுபோல் மற்றொன்று இராமையால், பாணி மருந்தை அதனோடு வரும் அளவுகருவியாலேயே அளத்தல் வேண்டும். மூன்று மாதம் நிறையாத சிசுவுக்கு வைத்தியர் விதித்தாலன்றி இதனைக் கொடுத்தலாகாது.

உணவோடு உட்கொண்டால் தீங்கில்லை என்பது பலருடைய நம்பிக்கை. உணவோ பாலோ வயிற்றுக் குமட்டலைக் குறைக்கலாம். ஆனால் இரைப்பையின் காவல் குறைவது குளிசை அங்கே தொடுவதனால் மட்டுமன்று. மருந்து குருதியோடு கலந்து உடலெங்கும் செல்வதனாலுமாகும். ஆதலால் உணவு முழுக் கவசமாகாது. இவ்வாறே, ஒரே குடும்பத்து மருந்துகள் வெவ்வேறு பெயர்களோடு ஒரே வீட்டில் இருத்தலும் உண்டு. டைக்குளோபினக், நப்புரொக்சன், மெபனமிக் அமிலம் என்பன இபுபுரொபனின் இனத்தனவே. பல்நோவுக்கு ஒன்றும் முதுகுநோவுக்கு இன்னொன்றுமாக இரண்டைச் சேர்த்து உண்பவர், பயனை இரட்டிப்பதிலும் தீங்கையே பெரிதும் இரட்டிக்கின்றனர்.

சிலருக்கு இம்மருந்து தொடக்கத்திலேயே ஆகாது. இரைப்பைப் புண் உள்ளவர்களும் முன்பு குருதி கசிந்தவர்களும், சிறுநீரகமோ இதயமோ ஈரலோ தளர்ந்தவர்களும், அசுப்பிரினால் தொய்வு மிகுந்தவர்களும் இதனைத் தவிர்த்தல் வேண்டும். கருவுற்ற தாய்மார் இருபதாம் வாரத்தின் பின் வைத்தியரின் கட்டளையின்றி இதனைக் கொள்ளலாகாது. அதன்பின் உட்கொண்டால் சிசுவின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டுக் கருப்பை நீர் குறையலாம். இறுதி மாதங்களில் சிசுவின் இதயத்தருகேயுள்ள குருதிக்கலன் ஒன்று காலத்துக்கு முன் அடைபடவுங் கூடும். குருதி உறையாதிருக்க வார்பரின் கொள்பவருக்குக் கசிவு மிகும். இதய நோய்க்காகச் சிறிய அளவில் அசுப்பிரின் கொள்பவருக்கு, அசுப்பிரின் பற்றவேண்டிய இடத்தை இபுபுரொபன் முன்சென்று பற்றிக்கொள்வதால் அதன் காவல் குன்றலாம். குருதியமுக்கத்துக்குச் சிலவகை மருந்துகளையும் நீர் பிரிக்கும் குளிசையையும் ஒருங்கே உண்ணும் முதியவர், அவற்றோடு இதனையும் சேர்த்தால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கவுங் கூடும். கடும் வெயிலில் உழைத்து நீர் வற்றியவருக்கும், வயிற்றோட்டத்தாலும் வாந்தியாலும் வாடியவருக்கும் இவ்விடர் உண்டு. அவர்கள் முதலில் நாடவேண்டியது நீரே.

இலங்கையிலே இவ்விதிகளுள் ஒன்று உயிரோடு தொடர்புடையது. மழைக்காலந்தோறும் இந்நாட்டில் டெங்குக் காய்ச்சல் பரவுகின்றது. 2017ஆம் ஆண்டில் மாத்திரம் 186,000க்கு மேற்பட்டோர் அந்நோய்க்காளானவர் எனப் பதிவாயினர். தலையிடி, கண்ணின் பின்புற நோவு, எலும்பு முறிவது போன்ற உளைவு என்பன அதன் குறிகள். இவை யாவும் நோவு தணிக்கும் மருந்தை நாடச் செய்வன. ஆனால் டெங்குவினால் குருதிச் சிறுதட்டுகளின் தொகை வீழ்ச்சியடையும், குருதிக்கசிவும் நேரலாம். எஞ்சியிருக்கும் சிறுதட்டுகளின் வன்மையையும் குறைத்து, இரைப்பையின் காவலையும் நீக்கும் மருந்தை அவ்வேளையில் உட்கொள்ளுதல், சுவர் இடிந்த வீட்டின் கதவையும் கழற்றுவது போலாகும். ஆதலின், காய்ச்சலின் காரணம் தெளிவாகும்வரை இபுபுரொபனையும் அதன் இனத்து மருந்துகளையும் அசுப்பிரினையும் தவிர்த்து, பரசிற்றமோலை மாத்திரம் விதித்த அளவிற் கொள்ளும்படி வைத்தியர் அறிவுறுத்துகின்றனர். பரசிற்றமோலும் அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும் என்பதையும் உடன் நினைத்தல் தகும். கொப்புளிப்பான் கண்டவருக்கும் இபுபுரொபன் ஏற்றதன்று. தோலில் கடுமையான தொற்று ஏற்படுவதோடு அது தொடர்புபடுத்தப்பட்டுள்ளது.

இங்ஙனம் கூறுவதால் இபுபுரொபன் அஞ்சி ஒதுக்கவேண்டிய நஞ்சென்று கருதற்க. சுளுக்கு, பல்நோவு, தலையிடி, மூட்டுவாதம் என்பவற்றில் அது பெரிதும் பயன்படுகின்றது. மாதவிடாய்க் காலத்து வயிற்றுநோவு, கருப்பையில் மிகும் புரொஸ்தகிளாந்தின்களாலேயே விளைவதாகலின், அங்கு அது காரணத்தையே சென்று தாக்குகின்றது. உடல்நலமுடைய ஒருவர் குறித்த அளவிற் சில நாள் கொள்வதால் பெருந்தீங்கு நேர்தல் அரிது. எனினும், மலம் கருமையாகப் போதல், வாந்தியிற் குருதியோ கோப்பித்தூள் போன்றதோ காணப்படுதல், சிறுநீர் குறைதல், கால் வீங்குதல், மூச்சுத் திணறுதல், தோலிற் கொப்புளங்கள் தோன்றுதல், நெஞ்சு நோதல் என்பவற்றுள் எது தோன்றினும் மருந்தை நிறுத்தி உடனே வைத்தியசாலையை அடைதல் வேண்டும். காரணம் அறியாத கடும் வயிற்றுநோவையும் நெஞ்சுநோவையும் குளிசையால் மறைத்தல், தூதுவனின் வாயைப் பொத்துவதன்றி வேறன்று.

திருக்குறளின் ‘மருந்து’ என்னும் அதிகாரம், மருந்தின் பெயர்களைக் கூறுவதிலும் அளவின் பெருமையையே மிகுத்துப் பேசுகின்றது. மிகுதலும் குறைதலும் ஆகிய இரண்டுமே நோய்க்கு வித்தென்பது அதன் தொடக்கம். நொட்டிங்காமிலே உருவான குளிசையொன்றுக்கும் அவ்விதி பொருந்துவது வியப்பன்று. எந்நோவுக்கு உண்கின்றோம், தம் உடலின் நிலை என்ன, வேறெம்மருந்து உட்செல்கின்றது, எப்போது நிறுத்துவது என்னும் நான்கையும் வினவியறிந்த பின் குளிசையைக் கையிலெடுப்பவருக்கு அது நல்ல துணையாம்.