“ஒப்புக்கொள்கிறேன்” என்னும் சிறு கட்டம்

ஆம்பூரில் வாழும் நமக்குக் காலணி புதிய பொருளன்று. நம் தாய் தந்தையரில் பலர் தோல் பதனிடும் ஆலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் உழைப்பவர்கள். அப்படியிருந்தும் பள்ளி ஆண்டு விழா நடனத்திற்காக நாங்கள் நால்வர் ஒரு நிறுவனத்தின் இணையதளத்தில் ஒரே மாதிரியான காலணி வாங்கத் துணிந்தோம். கைப்பேசி ஒரு தோழியின் அப்பாவுடையது, பெயர் எங்களுடையது, வயது மட்டும் பொய். பதினெட்டு என்று எழுதினோம். நீண்ட விதிகளில் ஒரு வரியும் படிக்காமல், “ஒப்புக்கொள்கிறேன்” என்ற கட்டத்தைத் தொட்டோம்.

வந்த காலணிகள் நால்வருக்கும் சிறியவை! தள்ளுபடி விலையில் வாங்கியவை திரும்பப் பெறப்பட மாட்டா என்று நாங்கள் படிக்காத அந்த விதிகளிலேயே இருந்தது. அளவு அட்டவணையையும் நாங்கள் பார்க்கவில்லை. பணம் கொடுத்த அப்பா கோபிக்கவில்லை. “வேலையில் சேர்ந்த அன்று நானும் படிக்காமல்தானம்மா கையெழுத்துப் போட்டேன்” என்றார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வருந்தியிருக்க மாட்டோம்.

மறுநாள் சிஸ்டரிடம் சொன்னோம். அவர் அந்த விதிகளை அச்செடுத்து வந்து எங்களையே வாசிக்கச் செய்தார்.

தொழிற்சாலை வாயிலில் அனுமதியின்றி நுழையாதீர் என்று பலகை வைப்பதுபோல, இணையதளத்திற்கும் அதன் உரிமையாளர் விதி வகுக்கலாம். கட்டத்தைத் தொடுவது வெறும் விளையாட்டன்று. மின்னணு முறையில் செய்யப்பட்டது என்ற ஒரே காரணத்தால் ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று, 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008-இல் செய்யப்பட்ட திருத்தம் கூறுகிறது.

ஆனால் எங்கள் கையெழுத்துக்கு மதிப்பு உண்டா? 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்ய இயலாது. கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்னும் இளைஞர் சட்டப்படி வயது நிரம்பு முன்பே வீட்டை அடமானம் வைத்துக் கடன் பெற்றார். அவருக்கு வயது நிரம்பவில்லை என்பது கடன் கொடுத்தவரின் முகவருக்குத் தெரிந்தே இருந்தது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. அந்த அடமானம் செல்லவே செல்லாது என்று 1903-இல் தீர்ப்பாயிற்று.

இதைக் கேட்டதும் எங்களுள் ஒருத்தி, “அப்படியானால் நம்மை யாரும் ஒன்றும் செய்ய முடியாது!” என்று கைதட்டினாள். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். ஒப்பந்தம் வேறு, குற்றம் வேறு. பிறர் கடவுச்சொல்லை வஞ்சகமாகப் பயன்படுத்தினால் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இடமுண்டு. சிறுவர் என்றால் விசாரணை முறைதான் வேறு. நிறுவனத்தின் படங்களை எடுத்துத் தன் கடைக்கு விளம்பரம் செய்வதும் பதிப்புரிமையை மீறுவதே.

நிறுவனமும் நினைத்ததையெல்லாம் விதியாக்கிவிட முடியாது. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, ஒப்புதல் கட்டத்தில் அவர்களே முன்கூட்டிக் குறியிட்டு வைக்கக் கூடாது. குறைதீர்க்கும் அலுவலரின் பெயரைத் தளத்தில் காட்ட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்திற்குள் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும். எங்கோ தொலைவிலுள்ள நகரத்து நீதிமன்றம்தான் என்று விதியில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிட வழி செய்கிறது. 1915 என்ற எண்ணில் ஆலோசனையும் கேட்கலாம். பெற்றோர்கள் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளலாம்.

அன்று மாலை அப்பாவை அருகில் வைத்துக்கொண்டே அந்த அலுவலருக்கு எழுதினோம். எங்கள் உண்மையான வயதையும் எழுதினோம். அந்த வரியை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது. இதை எழுதும் வரை பதில் வரவில்லை. மாதம் முடிய இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. விழாவில் நால்வரும் வெறுங்காலோடு ஆடினோம்.