பெயின்ட் கேட்டு வருபவரிடம் கபட்டைப் பற்றிக் கேளுங்கள்

ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் எவரது பெயின்ட் ராக்கையின் அடித்தட்டைக் குனிந்து பார்த்தாலும், தூசு படிந்த சில டின்கள் கிடப்பதைக் காணலாம். வாடிக்கையாளர் கேட்ட நிறத்தில் கலந்து கொடுக்கப்பட்டு, "இது சரியில்லை" என்று திரும்பி வந்தவை அவை. வெள்ளை பேஸில் டின்டரை ஊற்றிக் குலுக்கிய பின்னர் அதனைப் பிரித்தெடுக்க வழியில்லை. இன்னொருவர் அதே நிறத்தைக் கேட்டு வரும் வரை முதல் முடங்கிக் கிடக்க வேண்டியதுதான். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி சரிந்து பெயின்ட் விலைகள் ஏறிய பின்னர், நான்கு லீற்றர் டின் ஒன்று முடங்குவது சிறிய கடைக்குச் சிறிய விடயமல்ல.

பெயின்ட் வியாபாரத்தில் பல வருடங்கள் இருப்பவன் என்ற வகையில் நான் கவனித்த ஒன்றுண்டு. என்னிடம் திரும்பி வந்த டின்களில் அதிகமானவை குசினிச் சுவருக்கு வாங்கப்பட்டவை. காரணம் எளிது. ஹோலில் செட்டியை நகர்த்தலாம், திரைச்சீலையை மாற்றலாம். குசினியில் பென்ட்ரி கபட் சுவரோடு சேர்த்து அடிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு இலட்சக்கணக்கில் செலவாகியிருக்கும். எனவே கபட்டுக்குத்தான் சுவர் ஒத்துப்போக வேண்டும். ஆனால் வாடிக்கையாளரோ கபட்டை வீட்டில் விட்டுவிட்டு, கலர் காட்டில் ஒரு சிறு கட்டத்தைத் தொட்டுக் காட்டி, "இது நல்லா இரிக்கி, இதத் தாங்க" என்கிறார். நாமும் கலந்து கொடுத்துவிடுகிறோம். மரத்துக்கும் ஒரு நிறம் இருக்கிறது என்பதை இருவருமே நினைப்பதில்லை.

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு தாத்தா இளம் சாம்பல் நிறத்தில் இரண்டு டின் வாங்கிச் சென்றார். நான்காம் நாள், திறக்காத ஒரு டின்னோடு திரும்பி வந்தார். "நானா, நான் கேட்டது அஷ் கலர். நீங்க தந்திரிக்கிறது பச்சை. சுவர் பாசி புடிச்ச மாதிரி இரிக்கி" என்றார். டின்னைத் திறந்து ஓர் அட்டையில் பூசிக் காயவைத்து, கலர் காட்டின் அருகில் வைத்துக் காட்டினேன். இரண்டும் ஒன்றுதான். அவருக்கும் வியப்பு. "வீட்டுக் கபட் என்ன மரம்?" என்று கேட்டேன். மஹோகனி, அதுவும் நன்றாகச் சிவந்த பொலிஷ். விடை அங்கேதான் இருந்தது.

இந்த முறைப்பாடு நமது ஊருக்கு மட்டும் உரியதல்ல. பாரிஸில் கொப்லான் என்ற புகழ்பெற்ற திரைச்சீலை நெசவாலை இருக்கிறது. 1824ஆம் ஆண்டு அதன் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக மிஷேல் யூஜீன் செவ்ரல் என்ற இரசாயனவியலாளர் நியமிக்கப்பட்டார். கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது, நீலத்துக்கும் ஊதாவுக்கும் அருகில் நெய்தால் அதில் அழுத்தமே இல்லை என்று அவரிடம் முறையிட்டார்கள். அவர் சாயத்தைச் சோதித்தார். அதில் குறையில்லை. கறுப்பு நூலின் பக்கத்தில் இருந்த நிறமே கண்ணுக்கு அதனை மாற்றிக் காட்டுகிறது என்று கண்டறிந்தார். 1839இல் இதனைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றையே வெளியிட்டார். ஒரு வாடிக்கையாளர் முறைப்பாடு விஞ்ஞானமாக மாறிய கதை என்று இதனைச் சொல்லலாம். (அந்த மனிதர் 102 வயது வரை வாழ்ந்தார் என்பது வேறு விடயம்.)

அவர் சொன்னதன் சாரம் இதுதான்: ஒரு நிறம், பக்கத்தில் உள்ள நிறத்தைத் தனக்கு எதிரான நிறத்தின் பக்கம் தள்ளிவிடும். சிவப்புக்கு எதிர் பச்சை. செம்மஞ்சளுக்கு எதிர் நீலம். ஆகவே சிவந்த மஹோகனிக்கு அருகில் வெறும் சாம்பல் பச்சையாகத் தெரியும். பொன்னிறத் தேக்குக்கு அருகில் அதே சாம்பல் நீலம் பூசியது போலிருக்கும். அந்தத் தாத்தாவின் திறக்காத டின்னில் சிவப்பு ஒக்சைட் டின்டரைச் சில துளிகள் சேர்த்துக் கொடுத்தேன். சாம்பல் கொஞ்சம் சூடாகி, அவர் வீட்டுச் சுவரில் அவர் முதலில் ஆசைப்பட்ட அஷ் கலராகத் தெரிந்தது. இப்படிச் செய்யும்போது எத்தனை துளி என்பதை எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது டின் ஒருபோதும் முதலாவதோடு ஒத்துவராது.

இனி மரங்களுக்கு வருவோம். நமது வீடுகளில் தேக்கு, மஹோகனி, பலா ஆகிய மூன்றும் அதிகம். மொறட்டுவையிலிருந்து வரும் வேலைகளிலும் இவற்றையே பெரிதும் காண்கிறோம்.

தேக்கு பொன் கலந்த மண்ணிறம். அதற்கு மஞ்சள் சார்ந்த வெண்ணெய் நிறத்தைப் பூசுவது நம்மவர்களின் நீண்டகாலப் பழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சுவரும் கபட்டும் ஒரே குடும்பத்து நிறமாகி, இவ்வளவு பணம் போட்டுச் செய்த தேக்கு சுவருக்குள் மறைந்துவிடுகிறது. சற்று நீலம் கலந்த இளம் சாம்பல், அல்லது வெளிர் பச்சை பூசினால் தேக்கின் பொன் மேலெழுந்து நிற்கும். நீலமாகத் தெரியும் என்று மேலே சொன்னேனே, இங்கே அதனைத் தெரிந்துகொண்டே பயன்படுத்துகிறோம்.

மஹோகனிக்கு ரோஸ், பீச் போன்றவை வேண்டாம். சிவப்போடு சிவப்புச் சேர்ந்து குசினி கனத்துப் போகும். இலையின் அடிப்பக்கம் போன்ற மங்கிய பச்சை அதற்கு நன்கு பொருந்தும். பச்சை பிடிக்காதவர்களுக்கு, மிக இலேசான மண்ணிறம் கலந்த வெள்ளை.

பலாதான் ஏமாற்றும் மரம். புதிதாக அறுத்தபோது நல்ல மஞ்சள். வருடங்கள் செல்லச் செல்லக் கறுத்து மண்ணிறமாகிவிடும். புதுக் கபட்டின் மஞ்சளைப் பார்த்துச் சுவர் நிறத்தைத் தெரிவு செய்தால், கொஞ்சக் காலத்தில் பொருத்தம் கெட்டுவிடும். பலா கபட் என்று சொன்னால், எத்தனை வருடம் என்றும் கேளுங்கள். மரத்தைப் போன்று அச்சிட்ட மெலமின் பலகை என்றால் இந்தத் தொல்லை குறைவு. வெட்டி மிஞ்சிய துண்டொன்றும் வீட்டில் கிடக்கும், அதையே கொண்டு வரச் சொல்லலாம்.

நிறம் ஒருபுறமிருக்க, வெளிச்ச அளவு என்றொன்றும் உண்டு. சுவரும் மரமும் ஒரே அளவு இருண்டதாகவோ ஒரே அளவு வெளிர்ந்ததாகவோ இருந்தால் கண்ணுக்குக் குழப்பம்தான். கருமையான கபட் உள்ள சிறிய குசினிக்கு வெளிர்ந்த சுவர் அவசியம். ஆனால் பளிச்சென்ற வெள்ளையை நான் சிபாரிசு செய்வதில்லை. கறுப்பும் வெள்ளையும் போல முரண்டு நிற்கும், தாளிக்கும் புகையும் மஞ்சள் தூளும் முதல் மாதத்திலேயே தெரிய ஆரம்பிக்கும். எந்த நிறமானாலும் குசினிக்குத் துடைத்துக் கழுவக்கூடிய சில்க் எமல்ஷன்தான் நல்லது. பூச்சு மேடுபள்ளமாக இருந்தால் மினுக்கத்தில் அது தெரியும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கடை வெளிச்சமும் வீட்டு வெளிச்சமும் வேறு. நமது கடைகளிலுள்ள நீலம் சார்ந்த வெள்ளை லைட்டில் தேக்கின் பொன் மங்கித் தெரியும், கிறீம் நிறம் குளிர்ந்துவிடும். அதே கிறீம், மஞ்சள் பல்ப் போட்ட குசினியில் பழுத்த மாம்பழமாகிவிடும். ஆகவே கலர் காட்டை வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவதில் கஞ்சத்தனம் கூடாது. காட்டிலுள்ள வெள்ளை ஓரத்தை மறைத்து, கபட் கதவின் மீது நிமிர்த்தி வைத்து, பகலில் ஒரு தடவையும் இரவில் லைட்டைப் போட்டு ஒரு தடவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அதைவிடச் சிறந்த வழி, கபட்டின் ஒரு லாச்சியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டு வரச் செய்வது. முதலில் சிரிப்பார்கள். ஆனால் கொண்டு வருவார்கள். கடை வாசலுக்கு எடுத்துச் சென்று பகல் வெளிச்சத்தில் காட்டோடு வைத்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். அப்படியும் சந்தேகம் என்றால், ஒரு லீற்றர் மட்டும் கலந்து கொடுத்து, இரண்டடி அட்டையில் இரண்டு கோட் பூசி, நன்றாகக் காய்ந்த பின்னர் கபட்டின் அருகில் நிறுத்திப் பார்க்கச் சொல்லலாம். எமல்ஷன் ஈரத்தில் வெளிர்ந்தும் காய்ந்ததும் சற்று இருண்டும் தெரியும். ஈரத்தில் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வருபவர்களும் இருக்கிறார்கள்.

அளவையும் நாமே கணக்கிட்டுக் கொடுப்பது நல்லது. பத்துக்குப் பன்னிரண்டு அடி குசினியில், ஒன்பது அடி உயரத்துக்கு மொத்தச் சுவர் 396 சதுர அடி. கபட், டைல்ஸ், கதவு, யன்னல் போனால் பூசுவதற்கு 180 சதுர அடியளவே மிஞ்சும். அதாவது சுமார் 17 சதுர மீற்றர். இரண்டு கோட்டுக்கு 34. லீற்றருக்குப் பத்து முதல் பன்னிரண்டு சதுர மீற்றர் என்றால், நான்கு லீற்றர் டின் ஒன்று தாராளம். எட்டு லீற்றர் விற்பதில் அன்றைக்கு இலாபம் தெரியும், மறுவாரம் மீதி டின் திரும்பி வரும்.

இன்னொரு சிக்கல் பெயின்ட் பாஸ். பெருநாளைக்கு முந்திய அவசரத்தில் வீட்டுக்காரர் வருவதில்லை, பாஸ்தான் வருகிறார். அவருக்குக் கபட்டின் மரம் பற்றிக் கவலையில்லை. வேலை முடிந்தால் சரி. கலக்குவதற்கு முன்னர் வீட்டுக்கு ஒரு கோல் எடுத்து, என்ன மரம், என்ன பொலிஷ், டைல்ஸ் என்ன நிறம் என்று கேட்பதற்கு இரண்டு நிமிடம் போதும். வட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறோம் என்பார்கள். போன் கெமரா நிறத்தைத் தானாகவே திருத்திக்கொள்வதால் அதனை நம்பிக் கலக்க முடியாது. கபட்டின் மீது ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் படம் எடுக்கச் சொன்னால், அந்தத் தாள் மஞ்சளாகத் தெரிகிறதா நீலமாகத் தெரிகிறதா என்று பார்த்து, படத்தில் நிறம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றாவது தெரிந்துகொள்ளலாம். மரத்தின் நிறத்துக்கு, பாஸ் அடுத்த முறை வரும்போது லாச்சியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வரட்டும்.