கோட்டையின்றி வாழ்ந்த விசுவாசம்

1687ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று தூத்துக்குடியிலிருந்து கொழும்பை நோக்கிப் புறப்பட்ட மரக்கலமொன்று கடும் புயலில் அகப்பட்டு, மன்னார்த் தீவின் கரையில் ஒதுங்க நேர்ந்தது. அதில் வந்தோருள் கூலியாளின் உடையணிந்த ஒருவரும், யோவான் என்னும் அவருடைய துணையாளும் இருந்தனர். கூலியாளாகத் தோன்றியவர் உண்மையிற் கூலியாளல்லர்; கோவையில் உயர்குலத்திற் பிறந்து குருப்பட்டம் பெற்ற யோசேவாஸ் முனிவர். குருவென்று அறியப்பட்டிருந்தால் ஒல்லாந்தரின் காவலர் அவரைச் சிறைப்படுத்தியிருப்பர். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கத்தோலிக்கக் குருமாருக்கு அக்காலத்தில் இடமில்லை.

இன்று மன்னார் மாவட்டத்திற் கத்தோலிக்கரைக் காணாத ஊர்கள் சிலவே. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கு வாழ்வோரிற் பாதிக்கு மேற்பட்டோர் கத்தோலிக்கர். பேசாலையிலும் வங்காலையிலும் பள்ளிமுனையிலும் கடலோரத்தில் உயர்ந்து நிற்குங் கோவில்களைக் காண்பவர், இவ்விசுவாசம் போர்த்துக்கேயரின் வாளாலும் கோட்டையாலும் நிலைபெற்றதென எளிதில் முடிவு கட்டிவிடுவர். வரலாறு அவ்வளவு எளிதாக இல்லை.

அதன் தொடக்கம் ஒரு வேண்டுகோள். பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறையிற் பணியாற்றி வந்த நாளில், மன்னார் மக்கள் தமக்கும் வேதம் போதிக்க வருமாறு அவரை அழைத்தனர். அவரால் வர இயலவில்லை. தமக்குப் பதிலாக வேறொரு குருவை அனுப்பினார். மக்கள் ஞானஸ்நானம் பெற்றனர். யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலி இதனை மதமாற்றமாக மட்டுங் கருதவில்லை. போர்த்துக்கேயரின் செல்வாக்குத் தன் நாட்டுட் புகுவதற்கு வாயிலாகவே கண்டான். 1544ஆம் ஆண்டில் அவன் படையுடன் வந்தபோது ஏறத்தாழ அறுநூறு பேர் உயிரிழந்தனர். தோட்டவெளியில் உள்ள வேதசாட்சிகளின் இராக்கினி ஆலயம் இன்றளவும் அவர்களை நினைவுகூருகின்றது.

அதன் பின் நிகழ்ந்ததையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். மன்னனைத் தண்டிக்கப் படை அனுப்புமாறு சவேரியாரே போர்த்துக்கேய ஆளுநரை வேண்டினார். அப்படையெடுப்புக் கைகூடவில்லை. விலையுயர்ந்த சரக்கேற்றி வந்த போர்த்துக்கேயக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டி, அதன் சரக்கு மன்னன் கைப்பட்டது. சரக்கை மீட்கும் வரை படையெடுப்பைத் தள்ளிவைத்தனர். அறுநூறு உயிர்களையும் ஒரு கப்பற் சரக்கையும் தராசில் வைத்தபோது தட்டு எப்பக்கஞ் சாய்ந்தது என்பதைச் சவேரியாரின் கடிதத்தினின்றே அறிகின்றோம். ஆட்சியின் துணையை நம்பும் சமயம் எதற்குக் காத்திருக்க வேண்டியதாகின்றது என்பதற்கு இதனினுந் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். அவர்கள் ஆட்சியிற் பாடல் பெற்ற தலமாகிய திருக்கேதீச்சரம் இடிக்கப்பட்டது; அதன் கற்கள் கோட்டைக்குப் பயன்பட்டன என்பது வழிவழியாக வருஞ் செய்தி. 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். கோட்டை அவர்கள் கைக்கு மாறியது. அதே கோட்டையிலிருந்து கத்தோலிக்கருக்கு எதிரான கட்டளைகள் பிறந்தன. 1670ஆம் ஆண்டளவில், இருபது குடும்பங்கள் மாந்தையிலிருந்த தேவமாதாவின் திருச்சுரூபத்தை எடுத்துக்கொண்டு வன்னிக் காட்டினுள் ஓடி மருதமடுவில் ஒளித்து வைத்தனவென்பது மடுத்தலத்தின் வரலாறு. வீடும் நிலமும் பின்னே நிற்க, சுமக்கக்கூடியது எதுவோ அது மட்டும் உடன் சென்றது.

இந்நிலையிலேயே யோசேவாஸ் முனிவர் வந்தார். பயணத்தின் கொடுமையால் வயிற்றுளைவு நோய் அவரை வாட்டியது. உடல் தேறியதும் யாழ்ப்பாணத்தில் பிச்சைக்காரராக வீடு வீடாகச் சென்றார். கழுத்திற் செபமாலை தொங்கியது. அதனைக் கண்டு எவர் முகம் மாறுகின்றதோ அவரே மறைந்து வாழுங் கத்தோலிக்கர் என்று அவர் கணித்தறிந்தாராம். சில்லாலைக் கிராமம் அவருக்கு அடைக்கலம் அளித்தது. அவருடைய தாழ்மையை மாறுவேடத்துடன் மட்டும் சேர்த்து எண்ணுதல் தவறு. வேடம் ஒல்லாந்தருக்கு அஞ்சிப் பூண்டது. பிச்சை ஏற்ற கை மட்டும் வேடமன்று. பிற்காலத்தில் அவரை ஆயர் நிலைக்கு உயர்த்த எண்ணிய வேளையிலும் அவர் அதனை ஏற்கவில்லை.

குருமார் அருகியிருந்த காலமாதலால் ஊர்தோறும் மூப்பரும் அண்ணாவிமாரும் செபம் நடத்தவும், குழந்தைகளுக்கு வேதம் கற்பிக்கவும், ஆபத்து வேளையில் ஞானஸ்நானம் அளிக்கவும் அவர் ஒழுங்கு செய்தார். கடலிற் சென்று வலை வீசிய கைகளே மாலையில் செபமாலை பிடித்து முன்னின்றன. ஒருவன் நடத்தை தவறினால் அவன் முன்னின்று சொல்லும் செபத்தை யார் கேட்பர்? ஆகவே அத்தகையோரிடம் நேர்மை வேண்டப்பட்டது அலங்காரத்துக்கன்று. அதுவேயன்றி அவர்களுக்கு வேறு அதிகாரம் இருக்கவில்லை.

1692இல் அவர் கண்டிக்குச் சென்றபோது, போர்த்துக்கேயரின் ஒற்றரென்று குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறையிலடைக்கப்பட்டார். சிறையிலிருந்தவாறே சிங்களங் கற்றார். 1697இல் கண்டியிற் கொடிய வைசூரி பரவியது. மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் நகரை விட்டகன்றான். உறவினரும் நோயாளரைக் கைவிட்டனர். முனிவரும், அவருடைய உறவினராகிய யோசேப் கர்வாலியோ அடிகளும் கைவிடப்பட்டோரைத் தேடிச் சென்று நீர் வார்த்து, புண் கழுவி, இறந்தோரைத் தாமே புதைத்தனர். நோயாளர் எச்சமயத்தவர் என்று அவர்கள் விசாரிக்கவில்லை. 1711 ஜனவரி 16ஆம் நாள் அவர் கண்டியிற் காலமானார். 2015 ஜனவரி 14ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக் காலிமுகத் திடலில் அவரைப் புனிதராக உயர்த்தினார். அன்று பிற்பகலே மடுத்தலத்துக்கும் வந்து செபித்தார்.

மடுத்தலம் அன்று வரை பட்டதுயர் சிறிதன்று. போர்க்காலத்திற் பல்லாயிரம் அகதிகள் அதன் வளவில் தங்கினர். 1999 நவம்பர் 20ஆம் நாள் ஆலய வளவில் விழுந்த எறிகணைகளால் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது குருமார் திருச்சுரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குச் சென்றனர். ஆகஸ்ட் மாதத்தில் அது மீண்டது. மாந்தைக் குடும்பங்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் செய்ததையே அவர்களும் செய்தனர்.

நேர்மை என்பது இக்காலத்தில் எவ்வடிவில் வரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு 2011 ஜனவரியில் மன்னாரிற் கிடைத்தது. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு சாட்சியமளித்தார். 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தோர் தொகை, அரச கச்சேரிகளின் கணக்குப்படி, 429,059. பின்னர் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380. எஞ்சிய 146,679 பேருக்கு நேர்ந்தது என்ன என்று அவர் கேட்டார். அத்தனை பேரும் மாண்டனர் என்று அவர் கூறவில்லை; விளக்கமே வேண்டினார். நாலாம் வகுப்பு மாணவன் செய்யத்தக்க கழித்தற் கணக்கு அது. ஆயினும் அதைப் பகிரங்கமாகச் செய்ததற்காக அவர் பொலிசாரின் விசாரணைக்கு முகங்கொடுக்க நேர்ந்தது. 2021 ஏப்ரல் 1ஆம் நாள் அவர் காலமாகும் வரை அக்கேள்விக்கு உரிய விடை கிட்டவில்லை.

ஆணைக்குழுவின் முன் நிற்கும் வாய்ப்பு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. கரையோரத்தில் அன்றாடம் வருஞ் சோதனைகள் வேறு. மீன் கூறும் இடத்தில் நிறை குறையாத தராசு, சம்மாட்டி தன் வலையிழுப்போருக்குப் பங்கு பிரிக்கும்போது காட்டும் ஒழுங்கு, கடனுக்கு எழுதும் கொப்பியிற் கூடுதலாக ஏறாத தொகை ஆகியவை ஞாயிறு பூசையில் வெளிப்படுவதில்லை. திங்கட்கிழமை வாடியில் வெளிப்படும். மன்னார்க் கடலில் வெடி வைத்து மீன்பிடிப்பது நெடுநாளையக் குறை. குஞ்சும் முட்டையும் சேர்ந்து அழியும் அவ்வேலையைச் செய்தவன் பெருநாளன்று கொடியேற்றத்துக்குத் தாராளமாகக் காசு கொடுத்தால் அதைப் பெறுவதா மறுப்பதா என்பது பங்குச் சபைகளுக்கு எளிய கேள்வியன்று.

அதனினும் கடினமான சோதனை அயலவரைப் பற்றியது. 2019ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள், மகா சிவராத்திரிக்கு முன்தினம், திருக்கேதீச்சரத்துக்குச் செல்லும் வீதியில் மாந்தையில் அமைக்கப்பட்ட அலங்கார வளைவை ஒரு குழுவினர் பிடுங்கியெறிந்தனர். அவ்விடத்தில் வளைவு அமைப்பது பற்றிக் கத்தோலிக்கருக்கும் இந்துக்களுக்குமிடையே பிணக்கு இருந்தது உண்மை. நிலத்தின் உரிமையை நீதிமன்றம் தீர்க்கலாம். ஆனால் ஒரு காலத்தில் இடிக்கப்பட்ட கோவிலின் வாயிலில், அதன் அடியாருடைய பெருநாளுக்கு முன்தினம், கத்தோலிக்கர் கைகள் செய்தது நிலவழக்கன்று. அறுநூறு வேதசாட்சிகளின் பெயரைச் சொல்லி வளர்ந்த சமூகம், தான் பெரும்பான்மையாயிருக்கும் இடத்தில் எப்படி நடக்கின்றது என்பதே அங்கு கேட்கப்பட்ட கேள்வி. துன்புற்ற காலத்தில் தாழ்மையாயிருத்தல் ஒருவாறு இயல்பு, வேறு வழியில்லை. தொகையும் செல்வாக்கும் தன் பக்கமிருக்கையில் தாழ்மையாயிருத்தல் அத்தகையதன்று.

அன்றைய தொலைக்காட்சிப் படங்களில் அவ்வீதியைக் கண்டோர் பலர். இருபது குடும்பங்கள் ஒரு திருச்சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடியதும் அதே மாந்தையிலிருந்துதான்.