வரப்போரக் கீழாநெல்லியும் மாத்திரை தாக்கிய கல்லீரலும்

கம்பம் பள்ளத்தாக்கின் வயல் வரப்புகளில் களையாகப் பிடுங்கி எறியப்படும் கீழாநெல்லி, வீட்டில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்த மறுகணமே தேடிப் பறிக்கும் மூலிகையாகிவிடுகிறது. காமாலைக்குப் பயன்படுத்தப்படும் இச்செடி மருந்துகளால் பழுதுபடும் கல்லீரலையும் காக்குமா என்பது தனியாக ஆராய வேண்டிய கேள்வி.

உட்கொள்ளும் மருந்துகளை வேதிமாற்றம் செய்து வெளியேற்றும் உறுப்பு கல்லீரல் என்பதால், மருந்தின் தீங்கும் முதலில் அதனையே தாக்குகிறது. காய்ச்சலுக்கு உண்ணும் பாராசிட்டமாலின் பெரும்பகுதி தீங்கின்றிச் சிறுநீரில் கழிய, சிறு பகுதி மட்டும் நச்சுப்பொருளாக மாறுகிறது. கல்லீரல் செல்கள் தாமே உருவாக்கும் குளூட்டதையோன் என்னும் காப்புப்பொருள் அந்நஞ்சைப் பிணைத்துச் செயலிழக்கச் செய்கிறது. அளவு மீறும்போது குளூட்டதையோன் தீர்ந்துபோக, நஞ்சு செல்களையே அழிக்கத் தொடங்குகிறது. காசநோய்க்கு மாதக்கணக்கில் உண்ணும் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு ஆகிய மூன்றும் வேறு வழிகளில் கல்லீரலைத் தாக்கக்கூடியவை.

கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, நிலவேம்பு ஆகியவற்றின் சாறுகள் இத்தகைய நஞ்சூட்டிய எலிகளின் கல்லீரலைக் காத்ததாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில் சாறு முன்கூட்டியே புகட்டப்படுகிறது. நஞ்சு பின்னரே தரப்படுகிறது. மனிதரோ கல்லீரல் கெட்ட பிறகுதான் மருந்து தேடுகிறார். இந்தக் கால வேறுபாட்டைச் சொல்லாமல் எலிகளின் முடிவை மட்டும் எடுத்துக்கூறுவது நோயாளிக்குச் செய்யும் அநீதியாகும். மாறாக, பாராசிட்டமால் நஞ்சுக்கு மருத்துவமனைகளில் தரப்படும் அசிட்டைல்சிஸ்டீன், குளூட்டதையோன் மீண்டும் உருவாகத் துணைசெய்து, அளவு மீறி உண்ட 8 மணி நேரத்துக்குள் தரப்பட்டால் பெரும்பாலோரின் கல்லீரலைக் காத்துவிடுகிறது.

கீழாநெல்லியை மனிதரிடம் முறையாகச் சோதித்த பெருமை சென்னைக்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் நோபல் பரிசு பெற்ற பரூச் பிளம்பர்க்கும் பிறரும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமந்த 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து அக்கிருமியின் அடையாளப்பொருள் மறைந்திருந்தது. மருந்தற்ற மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நேர்ந்தது. எனினும் பிற நாடுகளில் நடந்த பின்னைய ஆய்வுகள் பலவற்றில் இப்பலன் கிட்டவில்லை. மேலும் அது கிருமியைப் பற்றிய சோதனையே தவிர, மாத்திரையின் தீங்கைப் பற்றியதன்று.

செடியை இனங்காண்பதும் எளிதன்று. தென்னிந்திய மூலிகைக் கடைகளில் கீழாநெல்லி என்று விற்கப்பட்டவற்றை மரபணு கொண்டு சோதித்த 2010ஆம் ஆண்டு ஆய்வில், ஏறத்தாழ கால்பங்கு மாதிரிகளில் அதன் உறவுச் செடிகள் காணப்பட்டன.

வேலிகளில் படரும் சீந்தில் இன்னும் கவலைக்குரிய சான்று. கல்லீரலைக் காப்பதாக விலங்கு ஆய்வுகள் பாராட்டிய இக்கொடியைக் கொரோனா காலத்தில் உட்கொண்டு கல்லீரல் பாதிப்புக்கு உள்ளான 43 பேரைப் பற்றி, இந்தியாவின் 13 மருத்துவ மையங்கள் இணைந்து 2022இல் ஆய்வு வெளியிட்டன. ஆகவே காசநோய் மாத்திரையோடு கசாயமும் குடிப்பவர் அதனைக் க. விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மறைக்காமல் சொல்ல வேண்டும். இல்லையேல் கல்லீரல் கெட்டது மாத்திரையாலா கசாயத்தாலா என்பதை மருத்துவரால் பிரித்தறிய இயலாது.