முடத்தெங்கும் மூன்று நொடியும்

ஆசிரியர் ஆகாதார் இன்னார் என்பதை 13ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் வகுத்துரைத்தார். அவர் காட்டும் உவமைகளுள் ஒன்று முடத்தெங்கு. ஒருவர் நீர் வார்த்து வளர்க்க, வளைந்து சென்று அயலார் முற்றத்தில் காய் உதிர்க்கும் தென்னை அது. ஆயின், தான் வளைந்திருப்பதைத் தெங்கு எங்ஙனம் அறியும்?

அறிவதற்கு ஒரு வழி 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. டுவைட் அலன் முதலியோர் அதற்கு நுண்கற்பித்தல் என்று பெயரிட்டனர். பயிற்சி ஆசிரியர் சில மாணவர்க்குச் சில நிமிடம் பாடஞ் சொல்வார். அதன் ஒளிப்பதிவைத் தாமே கண்டு, திருத்தி, மீண்டும் கற்பிப்பார். அன்று பெருஞ்செலவில் அமைந்த கருவி இன்று பசறையிலும் ஹப்புத்தளையிலும் ஆசிரியர்தம் சட்டைப்பையில் இருக்கிறது. 2020இல் பெருந்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஆசிரியர் பலர் கைத்தொலைபேசியிற் பாடம் பதிந்து அனுப்பவும் பழகினர். அப்பழக்கம் பிறருக்காக வந்தது; இனி நமக்காகவும் தொடர்தல் நன்று.

பதுளையில் என்னிடம் வரும் இளம் ஆசிரியர்க்கு நான் கூறும் முறை எளியது. பத்து நிமிடப் பதிவை மும்முறை நோக்குக. முதலில் ஒலியை அடக்கிக் காண்க: கண்ணும் கையும் எப்பக்கமே செல்கின்றன என்பது புலனாகும். அடுத்து, படத்தை மறைத்துக் கேட்க: லகர ளகர ழகர மயக்கமும், தேயும் சொல்லீறும், 'விளங்குதா?' என்னும் வெற்று வினாவும் செவியை உறுத்தும். மேடைப் பேச்சாளர்க்கும் இவ்விரண்டும் பொருந்தும். மூன்றாவதாக, வினா எழுப்பியபின் எத்தனை நொடி காத்தோம் என எண்ணுக.

இதுவே தலையாயது. மேரி பட் ரோ என்னும் அமெரிக்க அறிஞர் சிறுவர் விஞ்ஞான வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, 1970களில் தம் முடிபுகளை வெளியிட்டார். ஆசிரியர் வினவியபின் ஏறத்தாழ ஒரு நொடியே பொறுக்கின்றனர். மூன்று நொடி பொறுத்தால் விடை நீள்கிறது, வாய் திறவாத பிள்ளையும் பேசுகிறது என்றார்.

தோட்டத்துப் பிள்ளைக்கு அம்மூன்று நொடி பெரிது. லயத்தில் வழங்கும் பேச்சு வேறு. பாடநூலின் மொழி வேறு. ஒன்றை மற்றொன்றாக்கி நாவிற்குக் கொணரச் சிறிது பொழுது வேண்டும். அதற்குள் முன்வாங்கிலிருந்து விடை வந்துவிடுகிறது, பாடமும் நகர்ந்துவிடுகிறது. பனியில் நனைந்து கொழுந்து பறிக்கும் தாய் நீர் வார்க்க, காய் வேறு முற்றத்தில் விழுகிறது.

பிள்ளைகள் முகம் பதிவாகுமாயின் பெற்றோர் இசைவு பெறுக, கண்டபின் அழித்துவிடுக. நம் குரல் நமக்குத் தலையெலும்பின் வழியாகவும் கேட்பதால், பதிவிற் கேட்கும் குரல் அயலார் குரல்போலத் தோன்றும். அக்கூச்சம் சில நாளில் நீங்கும். நீங்கியபின், நம்மைப் பார்க்கும் ஆவல் குறைந்து, கடைசி வாங்கிற் பாதி உயர்ந்து தாழ்ந்த ஒரு சிறு கை கண்ணிற்படும். மறுநாட் பாடத்தை அக்கையிலிருந்து தொடங்குக.