கொடியில் பறக்கும் பேனா!

குழந்தைகளே, ஒரு விடுகதை! கொடியில் இருப்பது இரண்டே நிறம். ஆனால், அதன் பெயரோ மூவர்ணக் கொடி. அது எந்தக் கொடி?

விடை தெரியவில்லையா? ஜப்பான் தலைநகர் டோக்கியோவில் உள்ள கெய்யோ பல்கலைக்கழகத்தின் கொடிதான் அது. மேலே நீலம், நடுவே சிவப்பு, கீழே மறுபடியும் நீலம் என மூன்று பட்டைகள். எண்ணிப் பார்த்தால் நிறம் இரண்டுதான். ஆனாலும், எல்லாரும் அதை மூவர்ணக் கொடி என்றே அழைக்கின்றனர்!

கொடியின் நடுவே வெள்ளை நிறத்தில் ஒரு சின்னம் உண்டு. சிங்கமா, கழுகா, வாளா? எதுவும் இல்லை. பெருக்கல் குறி போல குறுக்காக வைத்த இரண்டு பேனா நிப்புகள்!

இந்தச் சின்னத்தை யோசித்தவர்கள் யார் தெரியுமா? அங்கு படித்த மாணவர்கள்தான். 1885ம் ஆண்டு வாக்கில், வாளைவிடப் பேனாவுக்கே வலிமை அதிகம் என்ற கருத்தைப் பாடப்புத்தகத்தில் படித்தனர். அது பிடித்துப்போகவே, பேனாவைத் தங்கள் அடையாளமாக்கிக் கொண்டனர். பிறகு அதுவே கல்விக்கூடத்தின் சின்னமாகிவிட்டது.

"இதில் என்ன பெரிய விஷயம்?' என்கிறீர்களா... அந்தக் கால ஜப்பானில், சாமுராய் என்ற போர்வீரர்கள் இடுப்பில் இரண்டு வாள்களுடன்தான் வெளியே வருவர். 1876ல்தான் வாள் அணிய அரசு தடை போட்டது. அடுத்த பத்து ஆண்டுகளுக்குள், வாளைவிடப் பேனாவே உயர்ந்தது என்று மாணவர்கள் சொல்லத் தொடங்கிவிட்டனர்!

குண்டுச் சத்தத்திலும் பாடம்!

கெய்யோவை நிறுவிய ஃபுகுசாவா யுகிச்சியும் சாமுராய் குடும்பத்தில் பிறந்தவர்தான். 1858ல் டச்சு மொழி கற்பிக்கும் சிறு பள்ளியாக அதைத் தொடங்கினார். பின்னர் ஆங்கிலமும் கற்பித்தார்.

1868ம் ஆண்டு, ஜூலை 4ம் தேதி. நகரின் உயெனோ பகுதியில் புதிய அரசின் படைக்கும், பழைய ஆட்சியின் ஆதரவாளர்களுக்கும் சண்டை மூண்டது. பீரங்கிகள் முழங்கின. ஊரே நடுங்கியது, கடைகள் மூடிக்கிடந்தன. ஃபுகுசாவா என்ன செய்தார் தெரியுமா? வழக்கம்போல பொருளாதாரப் பாடம் நடத்திக் கொண்டிருந்தார்!

மாணவர்களுக்கு அவர் ஒரு கொடியின் கதையையும் சொன்னார். நெப்போலியன் காலத்தில் ஹாலந்து நாடு சுதந்திரத்தை இழந்தது. அப்போதும், ஜப்பானின் நாகசாகி அருகே உள்ள டெஜிமா என்ற குட்டித் தீவில் மட்டும் ஹாலந்துக் கொடி இறங்காமல் பறந்தது. அதுபோல, நாட்டில் எத்தனை குழப்பம் வந்தாலும் நம் பள்ளி ஒருநாளும் நிற்காது என்றார்.

இவரது படம் 1984ல் ஜப்பானின் 10,000 யென் நோட்டில் இடம்பெற்றது. 2024ல் வந்த புதிய நோட்டில்தான் வேறொருவர் படம் வந்தது.

குதிரையிலிருந்து இறங்கிய வீரர்!

கெய்யோவின் பழைய நூலகத்தில் பெரிய வண்ணக் கண்ணாடி ஓவியம் ஒன்று இருக்கிறது. கவசம் அணிந்த வீரர் ஒருவர், தன் வெள்ளைக் குதிரையை விட்டு இறங்கி நிற்கிறார். எதிரே, பேனா சின்னத்தை ஏந்தியபடி ஒரு தேவதை. கீழே, வாளைவிடப் பேனா வலியது என்று லத்தீன் மொழியில் எழுதப்பட்டுள்ளது.

1915ல் அமைக்கப்பட்ட இந்த ஓவியம், 1945ல் இரண்டாம் உலகப் போரின்போது நடந்த விமானத் தாக்குதலில் அழிந்தது. பேனாவைப் போற்றிய ஓவியத்தைக் குண்டு அழித்துவிட்டது!

அத்துடன் கதை முடிந்துவிட்டதா? இல்லை. முதலில் அதைச் செய்த கலைஞரின் சீடர், அதே ஓவியத்தை மீண்டும் உருவாக்கினார். 1974ல் அது பழைய இடத்துக்கே திரும்பியது. வீரர் மறுபடியும் குதிரையை விட்டு இறங்கி, பேனாவின் முன் நிற்கிறார்!

குழந்தைகளே, உங்கள் பள்ளிச் சின்னத்தில் என்ன இருக்கிறது? விளக்கா, புத்தகமா, தாமரையா? அதை யார், ஏன் தேர்ந்தெடுத்தனர் என்று நாளைக்கே உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். அதற்குள்ளும் ஒரு கதை ஒளிந்திருக்கலாம்!